கார் ஸ்டீரியோவை வீட்டு வளவில் பாட வைப்பது எப்படி?

காரை விற்கும்போது கழற்றி வைத்த ஸ்டீரியோ பரணில் சும்மா கிடக்கிறதா? செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், வீட்டு கரண்டிலேயே அதைப் பாட வைக்கலாம். அதற்கு வேண்டியது 12 வோல்ட் டிசி. பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏசி. நடுவில் ஏசியை டிசியாக மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி, அதாவது ஒரு எஸ்எம்பிஎஸ் வேண்டும், அவ்வளவுதான்.

எது வாங்குவது என்பதில்தான் பலரும் சறுக்குவார்கள். மோடத்தோடு வந்த 1 ஆம்பியர் அடாப்டரை மாட்டினால் டிஸ்ப்ளே எரியும், பாட்டும் வரும். சத்தத்தைக் கூட்டியதும் தவில் அடி ஒன்று விழ, செட் அணைந்து அணைந்து எரியும். கோளாறு செட்டில் இல்லை, ஆம்பியர் போதவில்லை. முகப்பில் போட்டிருக்கும் '50 வாட் x 4' என்பதை நம்ப வேண்டாம். பின்பக்க ஃபியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் தாராளம். எல்இடி ஸ்ட்ரிப்புக்குப் போடுகிற, ஓட்டை ஓட்டையான தகரப் பெட்டிதான் அது. காரைக்குடியில் சிசிடிவி சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

பிளக்கைச் சொருகாமல் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் அதனதன் திருகில் முடுக்குங்கள். பெட்டியில் 110/220 சுவிட்ச் இருந்தால் 220இல் இருக்கட்டும். பழைய வீடுகளில் இன்னும் இரண்டு துளை பிளக் பாயின்ட் உண்டு, அது வேண்டாம். தகரப் பெட்டிக்கு எர்த் கட்டாயம். இந்தப் பக்கம் கை பழகாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே நல்லது.

இப்போது எஸ்எம்பிஎஸை மட்டும் ஆன் செய்து, மல்டிமீட்டரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் அணைத்துவிட்டு ஸ்டீரியோ ஒயர்களுக்கு வாருங்கள். கறுப்பு மைனஸுக்கு. மஞ்சள், சிவப்பு இரண்டும் பிளஸுக்கு. மஞ்சள், செட் தன் ஸ்டேஷன்களை நினைவில் வைத்துக்கொள்ள; சிவப்பு, காரில் சாவியைத் திருப்பியதும் செட்டை எழுப்ப. சிவப்பில் மட்டும் சின்ன சுவிட்ச் வைத்து எஸ்எம்பிஎஸை ஆனிலேயே விட்டால், சேமித்த ஸ்டேஷன்கள் அழியாது. நீல ஒயரை டேப் சுற்றி ஒதுக்குங்கள். சில கம்பெனிகள் நிறத்தை மாற்றும் என்பதால் செட்டின் மேல் ஒட்டிய ஒயரிங் படத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் என்றால் கவனம்: அதன் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள்தான் 12.

ஸ்பீக்கருக்கு வெள்ளையும் வெள்ளை-கறுப்பும் இடது. சாம்பலும் சாம்பல்-கறுப்பும் வலது. கோடு போட்டது மைனஸ். அதை எஸ்எம்பிஎஸின் மைனஸோடு சேர்த்தால் உள்ளே ஆம்ப்ளிஃபயர் ஐசி போய்விடும். 4 ஓம் கார் ஸ்பீக்கரைப் பிளைவுட் பெட்டியில் பொருத்துங்கள்; வெறுமனே வைத்தால் கனத்த அடி ஓசை (பாஸ்) வராது. வளவில் ஆத்தங்குடிக் கல் தரையும் வழவழப்பான சுவரும் எதிரொலிப்பதால் இரண்டே ஸ்பீக்கர் போதும். நான்கு மாட்டினால் பாட்டு வரி புரியாது.

எஃப்எம்முக்கு ஆன்டெனா துளையின் நடுவில் 75 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றைச் சொருகி, தடித்த சுவரை விட்டு முற்றத்துப் பக்கம் நீட்டுங்கள். கோடை பண்பலையை 100.5இல் தேடிப் பாருங்கள். ஒயர் மட்டும் முற்றத்துக்கு வரட்டும். எஸ்எம்பிஎஸைச் சாரல் படாத, காற்றோட்டமான பலகையில் வையுங்கள். மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் சூடேறி நின்றுவிடும்.