கிரிக்கெட் பையின் வாடையைப் போக்கிய விதம்

மகனின் கிரிக்கெட் பையைத் திறந்தாலே அறை முழுவதும் புளித்த வாடை அடிக்கும். மேலே சென்ட் தெளிப்பது வீண் வேலை. புதிய வியர்வைக்குப் பெரிதாக நாற்றம் கிடையாது. அதை உண்ணும் பாக்டீரியாக்கள் வெளியிடும் அமிலங்கள்தான் நாறுகின்றன. ஈரம் தங்கும்வரை அவை பெருகிக்கொண்டே இருக்கும்.

பையில் அதிகம் நாறியவை கையுறைகள். உள்ளங்கைப் பகுதி தோல் என்பதால் வாளியில் ஊறவைக்கக் கூடாது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை அதில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு விரலின் உட்புறத்தையும் துடைத்தேன். வினிகர் நெடி காய்ந்ததும் போய்விடும். பிறகு செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். தாள் ஈரமானதும் மாற்றினேன். கடும் வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், நிழல்தான் சரி. முழுவதும் காய்ந்தபின் சமையல் சோடாவைத் தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் தட்டிக் கொட்டினேன். வாடை அடங்கிவிட்டது! சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றையொன்று முறித்துவிடும், பயனில்லை. பிளீச்சிங் திரவத்தோடு வினிகரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

கால் பேடுகளுக்குச் சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதுமானவை. ஹெல்மெட்டின் உள் பஞ்சு கழற்றக்கூடியது, கையாலேயே அலசினேன். ஓட்டின்மீது தின்னர் போன்றவை படவே கூடாது, பிளாஸ்டிக் பலவீனமாகும்.

இப்போது பயிற்சி முடிந்து வந்ததும் பையைக் காலி செய்து, எல்லாவற்றையும் பால்கனிக் கொடியில் தொங்கவிடுகிறோம்.