ஷூ கடிக்குதா? மொதல்ல பாதத்தை அளந்து பாருங்க

ஓட ஆரம்பிச்ச புதுசுல பத்து நிமிஷம் தாண்டினாலே எனக்கு கால் விரலெல்லாம் மரத்துப்போகும், ஒரு மாசத்துல கட்டைவிரல் நகம் கருநீலமாவே ஆயிடுச்சு. புது ஷூதானே, போகப் போக சரியாயிடும்னு நெனச்சு ஓடிட்டே இருந்தேன். சரியாகல. ஷூ அரை சைஸ் சின்னது, அவ்வளவுதான் விஷயம். புதுசா உடற்பயிற்சி ஆரம்பிக்கிறவங்க நெறய பேர் கால் வலி தாங்காம பாதியிலயே விட்டுடறாங்க, நம்ம உடம்புக்கு இதெல்லாம் ஒத்துக்காதுன்னு முடிவு பண்ணிடறாங்க, அதை கேக்குறப்ப எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா பல நேரம் அது ஷூவோட தப்பா இருக்கும். அதனால ஒண்ணொண்ணா சொல்றேன், வீட்லயே செஞ்சு பாத்துடலாம்.

1. எங்க வலிக்குதுன்னு பாருங்க

பயிற்சி முடிச்ச உடனே ஷூ, சாக்ஸ் ரெண்டையும் கழட்டிட்டு வெளிச்சத்துல உக்காந்து பாதத்தை நல்லா பாருங்க. நகம் கறுத்திருந்தா, விரல் நுனி செவந்திருந்தா ஷூ நீளம் பத்தல, ஒவ்வொரு அடிக்கும் விரல் முன்னாடி போய் இடிக்குது. சுண்டுவிரல் பக்கம் தடிச்சிருந்தா அகலம் பத்தல. மூணாவது நாலாவது விரலுக்கு நடுவுல நெருப்பு வெச்ச மாதிரி எரியுதுன்னா முன்பக்கம் இறுக்கி அங்க இருக்கற நரம்பு நசுங்குதுன்னு சந்தேகப்படலாம். குதிகால்ல கொப்புளம்னா பின்பக்கம் லூஸா இருந்து உரசுது. பாதத்தோட மேல்பக்கம் வலிக்குதுன்னா பெரும்பாலும் லேஸை இறுக்கி கட்டினதுதான். காலைல எழுந்து மொத அடி வைக்கும்போது குதிகால் சுருக்குன்னு குத்துதுன்னா உள்ளங்கால்ல ஓடற நார்ப்பட்டை பாதிக்கப்பட்டிருக்கலாம், அதுக்கு ஷூ மட்டுமே காரணம்னு சொல்லிட முடியாது, திடீர்னு பயிற்சியை கூட்டினாலும் வரும்.

2. பாதத்தை வரைஞ்சு அளங்க

இதை சாயங்காலம் செய்ங்க, ஏன்னா நாள் பூரா நின்னு நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். பயிற்சிக்கு போடற அதே சாக்ஸ் போட்டுக்குங்க. பேப்பரை சுவரோட ஒட்டி தரையில வெச்சு, குதிகால் சுவர்ல படற மாதிரி நில்லுங்க. உக்காந்துட்டு அளந்தா தப்பாயிடும், முழு எடையும் இறங்கும்போதுதான் பாதம் விரியும். பென்சிலை செங்குத்தா பிடிச்சு வேற யாரையாவது வரையச் சொல்லுங்க, நீங்களே குனிஞ்சா எடை மாறிடும். ரெண்டு காலையும் வரையணும், பெரும்பாலானவங்களுக்கு ஒரு பாதம் கொஞ்சம் பெருசாதான் இருக்கும், அந்த பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்கணும். நீளத்தை கட்டைவிரல் வரைக்கும்தான்னு எடுத்துக்காதீங்க, சில பேருக்கு ரெண்டாவது விரல்தான் நீளம்.

3. இன்சோலை வெளிய எடுங்க

எனக்கு உண்மை புரிஞ்சது இங்கதான். பழைய ஷூவுக்குள்ள பாதத்துக்கு அடியில இருக்கற விரிப்பை, அதாவது இன்சோலை உருவி எடுத்து பாருங்க, விரல் பதிஞ்ச பள்ளம் தெரியும். என்னோடதுல கட்டைவிரல் பள்ளம் இன்சோலோட விளிம்பு வரைக்கும் போயி அங்க துணி தேஞ்சு நூல் பிரிஞ்சிருந்துச்சு. அந்த இன்சோல் மேலயே ஏறி நின்னு பாருங்க, நீளமான விரலுக்கு முன்னாடி சுமார் 1 செ.மீ. காலியா இருக்கணும், பக்கவாட்டுல பாதம் வெளிய வழியக்கூடாது. வழியுதுன்னா அந்த ஷூ எவ்வளவு நாள் போட்டாலும் உங்களுக்கு செட் ஆகாது.

4. லேஸை மாத்தி கட்டுங்க

அளவு சரியா இருந்தும் குதிகால் தூக்குதுன்னா இதுலயே பாதி தீரும். நெறய ஷூல மேல கடைசியா ஒரு ஓட்டை சும்மாவே கிடக்கும். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டு போகாம அதே பக்கத்துல இருக்கற அந்த ஓட்டைக்குள்ள வெளியிலேருந்து உள்ள விடுங்க, சின்ன வளையம் மாதிரி நிக்கும். ரெண்டு பக்கமும் அப்படி செஞ்சுட்டு, ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள்ள விட்டு இழுத்து முடிச்சு போடுங்க. குதிகால் கப்புன்னு உக்காந்துக்கும். மேல்பாதம் வலிக்கறவங்க, வலிக்கற இடத்துக்கு நேரா மட்டும் லேஸை குறுக்கா விடாம பக்கத்துலயே மேல ஏத்திட்டு போங்க, அழுத்தம் கொறையும்.

5. புதுசு வாங்கும்போது

நம்பரை நம்பாதீங்க. ஒரே நம்பர் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், போதாததுக்கு யூகே சைஸுக்கும் யூஎஸ் சைஸுக்கும் நம்பரே வித்தியாசப்படும். நீங்க வரைஞ்ச பேப்பரை வெட்டி எடுத்துட்டு போய் ஷூவோட அடிப்பாகத்துல வெச்சு பாருங்க, பேப்பர் வெளிய தெரிஞ்சா அதை போட்டுப் பாக்கவே வேணாம். ரெண்டு காலும் போட்டு லேஸ் கட்டி நடங்க, கொஞ்சம் குதிங்க, வெக்கப்படாதீங்க. அப்புறம், ஓடற ஷூ நேரா முன்னாடி போறதுக்காக செஞ்சது, பேட்மின்டன் மாதிரி பக்கவாட்டுல பாயற ஆட்டத்துக்கு போட்டா கால் பிரண்டுடும், வெயிட் தூக்கும்போது அந்த மெத்துமெத்து அடிப்பாகம் ஆட்டம் கொடுக்கும். ஓடற ஷூவை சுமாரா 500லேருந்து 800 கிலோமீட்டருக்குள்ள மாத்திடுங்க, மேல பாக்க புதுசா தெரிஞ்சாலும் உள்ள இருக்கற மெத்தை அமுங்கிப் போயிருக்கும்.

ஒண்ணு மட்டும் கவனமா கேளுங்க. எலும்புல ஒரே புள்ளியில விரல் வெச்சு அழுத்தினா உயிர் போற மாதிரி வலிக்குது, சும்மா இருக்கும்போதும் வலிக்குது, வீக்கம் வத்தல, காலை ஊனவே முடியலன்னா ஷூவை மாத்திட்டு உக்காந்திருக்காதீங்க, டாக்டரை பாருங்க, எலும்புல கீறல் விட்டிருக்கலாம். சர்க்கரை இருக்கறவங்களுக்கு உணர்ச்சி கொறைஞ்சு வலியே தெரியாம புண்ணாயிடலாம், அதனால அவங்க தெனமும் பாதத்தை கண்ணால பாத்துடணும், சின்ன கொப்புளம்னாலும் காட்டிடணும்.

புது ஷூ வாங்கிட்டு வந்த உடனே வெளிய ஓடிடாதீங்க. வீட்டுக்குள்ள சுத்தமான தரையில ஒரு ரெண்டு நாள் போட்டு நடங்க, எங்கயாவது உறுத்துதுன்னா அடி அழுக்காகுறதுக்கு முன்னாடியே கொண்டு போய் மாத்திக்கலாம்.