மழைக்கு முன் சொட்டுநீர்க் குழாயைக் காலி செய்து வைப்பது எப்படி?

சொட்டுநீர்ப் பராமரிப்பு என்று யூடியூபில் தேடினால் வெளிநாட்டு வீடியோக்கள்தான் வரிசையாக வருகின்றன. குளிர்காலத்துக்கு முன் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்கக் கூடாது என்கிறார்கள். தண்ணீர் உறையும்போது பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும், வால்வும் குழாயும் விரிசல் விட்டுப் போகும். அதனால் கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்தே தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம், மார்கழியிலும் உள்ளங்கை வியர்க்கிற ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்த்துச் சிரித்தேன்.

அடுத்த தை மாதம் மோட்டாரைப் போட்டேன். தென்னை வரிசையில் பாதி டிரிப்பர் (தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் மூக்கு) சொட்டவில்லை. வால்வைத் திருகினால் கைப்பிடி கையோடு வந்தது. மழை பெய்த மூன்று மாதமும் குழாயைத் திரும்பிப் பார்க்காததன் பலன். அங்கே நிற்கிற தண்ணீர் உறைந்து கெடுக்கிறது, இங்கே வற்றிக் கெடுக்கிறது. வேலை என்னவோ ஒன்றுதான்: உள்ளே இருப்பதைக் காலி செய்ய வேண்டும்.

நம் கிணற்றுத் தண்ணீரில் நாக்குக்குக் கரிக்கிற உப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், அது திரும்பத் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். கூடவே வருகிற சுண்ணாம்புதான் எதிரி. டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால் ஒன்றைக் கழற்றி வினிகரில் போட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்கவில்லை என்றால் பெரும்பாலும் மணலோ பாசியோ, அதற்கு ஆசிட் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை நம் கடற்கரைக்கு அக்டோபர் நடுவில் இருந்து எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் இந்த வேலையைத் தொடங்குங்கள். இரண்டு நாள் வேலை.

முதல் படி: அலசி விடுதல்

மோட்டார் பக்கம் இருந்து தோட்டத்தின் கோடி வரை, இந்த வரிசையில் போங்கள். முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். பிறகு மெயின் பைப், அதிலிருந்து பிரியும் சப்மெயின் ஆகியவற்றின் கடைசியில் அலசுவதற்காக இருக்கும் ஃப்ளஷ் வால்வைத் திறந்து ஓட விடுங்கள். அதற்கு அப்புறம்தான் லேட்டரல், அதாவது டிரிப்பர் மாட்டிய சின்னக் குழாய்களின் மூடி. நான் முதல் தடவை மாற்றிச் செய்தேன், மெயினில் கிடந்த மணல் எல்லாம் சின்னக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. லேட்டரலையும் ஒரே நேரத்தில் நாலைந்துக்கு மேல் திறக்காதீர்கள், வேகம் இல்லாமல் தண்ணீர் சும்மா வழியும். கலங்கல் தெளிகிற வரை விட்டால் போதும்.

இரண்டாம் படி: ஆசிட்

சுண்ணாம்பு இருந்தால் மட்டும். கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போதும். எவ்வளவு என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும், பக்கத்துத் தோட்டக்காரரின் கணக்கு உங்களுக்கு உதவாது. பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் கிணற்றுத் தண்ணீர் எடுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் ஒவ்வொரு மில்லியாக ஆசிட் விட்டு, குச்சியால் கலக்கி, பிஎச் தாளை (தண்ணீரின் அமிலத்தன்மையை நிறத்தில் காட்டும் தாள்) நனைத்துப் பாருங்கள். 4 வரும்போது நிறுத்தி, விட்ட அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

10 லிட்டருக்கு 8 மில்லி பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். 50 தென்னை, மரத்துக்கு, மணிக்கு 8 லிட்டர் விடும் டிரிப்பர் இரண்டு என்றால் மணிக்கு 800 லிட்டர் ஓடும். அதற்கு 640 மில்லி, கால் மணி நேரத்துக்கு 160 மில்லி. இதைத் தண்ணீரில் கலந்து வென்சுரி (ஓடும் தண்ணீரோடு மருந்தை உறிஞ்சிச் சேர்க்கும் குழாய்க் கருவி) வழியாக உறிஞ்ச விடுங்கள். கடைசி லேட்டரலில் சொட்டும் தண்ணீரிலும் தாள் 4 காட்டியதும் மோட்டாரை நிறுத்தி, 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். மறுநாள் முதல் படியில் செய்த மாதிரி மறுபடி அலசுங்கள்.

கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் ஆசிட் கேனைத் திறக்க வேண்டாம். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்தால் கிளம்புவது நச்சு வாயு. சிமெண்ட் தொட்டிக்குள் ஆசிட்டைக் கலக்கிற வேலையும் வேண்டாம், அது சிமெண்டைத் தின்னும். வென்சுரி இல்லாத வீட்டுத் தோட்டம் என்றால் டிரிப்பர்களைக் கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டாலே ஆகிவிடும்.

மூன்றாம் படி: வடித்தல்

எல்லா முனைகளையும் திறந்து, பள்ளமான பக்கமாகத் தண்ணீரை வடிய விடுங்கள். அந்த வெளிநாட்டு வீடியோவில் இருந்து நான் அப்படியே எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு: பால் வால்வை (உள்ளே உருண்டை சுழலும் வால்வு) மூடியும் வைக்காதீர்கள், முழுக்கத் திறந்தும் வைக்காதீர்கள், பாதியில் நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் உருண்டையைச் சுற்றித் தேங்குகிற தண்ணீரும் அப்போதுதான் வடியும். என் கைப்பிடி உடைந்ததற்கு அந்தத் தேக்கம்தான் காரணம்.

ஃபில்டரின் வலையையோ தட்டுகளையோ பழைய பல் பிரஷால் தேய்த்துக் காயவையுங்கள். பிரஷர் கேஜைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோங்கள், உப்புக் காற்றில் முதலில் சாவது அதுதான். வடிந்து முடிந்ததும் குழாய் முனைகளை மடித்துக் கட்டிவிடுங்கள். சும்மா விட்டால் எறும்பு குடியேறும்.

நான்காம் படி: சுருட்டுதல்

தென்னைக் குழாயைச் சுருட்ட வேண்டாம், வரப்பு மேல் தூக்கிப் போட்டால் போதும். நம் மணல் காற்றில் நகர்ந்து டிரிப்பரை மூடிவிடும். பிறகு மோட்டார் நிற்கும்போதெல்லாம் டிரிப்பர் மணலை உள்ளே இழுக்கும். மல்லிகைப் பாத்திக் குழாய்களைச் சைக்கிள் சக்கரத்தைவிடப் பெரிய வட்டமாகச் சுருட்டி, எந்தப் பாத்தி என்று துணியில் எழுதிக் கட்டி, ஓலைக் கொட்டகைக்குள் கம்பியில் தொங்கவிடுங்கள். தரையில் வைத்தால் எலிக்கு விருந்து.

ஐந்தாம் படி: மோட்டார்

மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸ் கட்டையை உருவிய பிறகுதான் கை வைக்க வேண்டும். கிணற்றுப் படியில் இருக்கும் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) மோட்டாரை, தண்ணீர் ஏறும் மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தில் படிந்த உப்பைத் துடைத்து, போல்ட்டுகளில் கிரீஸ் தடவுங்கள். துருப்பிடித்த கிளாம்ப் இருந்தால் இப்போதே எவர்சில்வருக்கு மாற்றிவிடலாம். மேலே தூக்காத மோட்டாரை மழை விட்ட நாளாகப் பார்த்து, 15 நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். ஓட்டும்போது ஃப்ளஷ் வால்வு திறந்திருக்கட்டும், வடித்து வைத்த லேட்டரலுக்குள் தண்ணீர் போகக் கூடாது. தண்ணீர் நிரப்பாமல் வெறுமனே ஓட்டினால் சீல் தீய்ந்துவிடும்.

தை பிறந்து மறுபடி மாட்டும்போது, முனைகளைத் திறந்து வைத்து முதல் தண்ணீரை வெளியே விடுங்கள். அப்புறம் அளவு போட்ட டம்ளரை ஒரு டிரிப்பருக்கு அடியில் ஒரு நிமிடம் பிடியுங்கள். 8 லிட்டர் டிரிப்பர் என்றால் 130 மில்லிக்குக் கொஞ்சம் கூட வர வேண்டும். வரிசைக்கு மூன்று இடத்தில் பாருங்கள். எங்காவது 80, 90 என்று நின்றால் அந்த டிரிப்பரை மட்டும் கழற்றி வினிகரில் போடுங்கள்.