சத்தமிட்டு உறங்கும் பச்சிளம் குழந்தை: இரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்த பிள்ளை இரவில் அழும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது உறங்கிக்கொண்டே முக்கும், முனகும், மூக்கால் கொர்கொர் என்று இழுக்கும், இடையிடையே விசும்பிவிட்டு மீண்டும் அடங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பவர்கள் குறைவு. திருகோணமலையில் பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை தாய்க்குத் துணையாக அம்மம்மாவோ பெரியம்மாவோ கூடவே தங்குவது வழக்கம் என்பதால், நள்ளிரவில் கேட்கும் ஒரு முனகலுக்கு வீடே எழும்பி, ஆளுக்கொரு காரணமும் ஆளுக்கொரு கைவைத்தியமும் சொல்லத் தொடங்கிவிடுகிறது. இங்கே எடுத்துச் சொல்லப்படும் தவறுகளுள் பெரும்பாலானவை, சத்தத்தை மட்டும் கேட்டு, பிள்ளையைப் பார்க்காமல் விடுவதால் நேர்பவை.

பச்சிளம் குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 முதல் 17 மணி நேரம் உறங்குகிறது. அவ்வுறக்கத்தில் சுமார் பாதி, உடலும் மூளையும் அசைந்துகொண்டே இருக்கும் இயங்குநிலை உறக்கமாகும். மூடிய இமைக்குள் கண்மணி உருளும், உதடு சுழியும், கைகால் திடீரெனத் துடிக்கும், குரலும் எழும். இதைக் கண்டதும் விளக்கைப் போட்டு, தூக்கி, உடுப்பு மாற்றிப் பால் கொடுக்க முயல்வதே முதலாவது தவறு. நன்றாக உறங்கிய பிள்ளையை நாமே எழுப்பிவிட்டு, பிள்ளை இரவில் தூங்குவதே இல்லை என்று பிறகு நாமே குறைப்படுகிறோம். ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். கண் திறந்து, தலையைத் திருப்பி வாயால் தேடினாலோ, கையை வாய்க்குக் கொண்டுபோனாலோ அது பசி. அழும்வரை காத்திராமல் பால் கொடுக்கலாம். கண் மூடியே இருந்தால் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஆனால் முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை தாய்ப்பால் தேவைப்படுவதால், பேசாமல் தூங்குகிறதே என்று பாலைத் தள்ளிப்போடுவதும் சரியல்ல. குறைமாதத்தில் அல்லது எடை குறைந்து பிறந்த பிள்ளையை வைத்தியர் சொன்ன இடைவெளியில் எழுப்பியே ஊட்ட வேண்டும்.

அடுத்து வருவது, "நெஞ்சில் சளி கட்டிவிட்டது" என்ற தீர்ப்பு. இந்த வயதில் பிள்ளை பெரும்பாலும் மூக்காலேயே மூச்சு விடுகிறது. அந்த மூக்குத் துவாரமோ மிகக் குறுகியது. அதில் ஒட்டிய ஒரு துளி சளியோ, கக்கிய பாலோ அறை முழுவதும் கேட்கும் ஓசையை உண்டாக்கப் போதும். முதுகில் கை வைத்தால் அந்த அதிர்வு அங்கும் தெரியும் என்பதால்தான் நெஞ்சில் சளி என்று தோன்றுகிறது. பால் குடிக்கும்போது மூச்சுத் திணறாமல் ஒழுங்காகக் குடிக்கும் பிள்ளைக்கு எதுவுமே செய்யத் தேவையில்லை. குடிக்கத் தடையாக இருந்தால், மருந்து கலக்காத உப்புநீர்ச் சொட்டை வைத்தியரிடமோ மருத்துவமாதுவிடமோ கேட்டு வாங்கி, பால் கொடுப்பதற்குச் சற்று முன் விடலாம். தேங்காயெண்ணெயை மூக்கில் விடக்கூடாது. அது நுரையீரலுக்குள் இறங்கினால் அழற்சியை உண்டாக்கும். கற்பூரமோ மெந்தோலோ சேர்ந்த தைலத்தை நெஞ்சிலும் மூக்கடியிலும் பூசுவதும், பெரியவர்களின் மூக்கடைப்புச் சொட்டைப் பாதியாக்கி விடுவதும், மூத்த பிள்ளைக்கு வாங்கிய பிரிட்டோன் (Piriton) போன்ற ஒவ்வாமைப் பாணி மருந்தை அளவு குறைத்துக் கொடுப்பதும் அதைவிட ஆபத்தானவை. அந்தப் பாணி பிள்ளையை மயக்கத்தில் ஆழ்த்துமே தவிர, மூக்கைத் திறக்காது.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிப்பாட்டிய பின் காட்டும் சாம்பிராணி, மாலையில் ஏற்றும் நுளம்புச் சுருள், வாசலில் நின்று தந்தை பிடிக்கும் சிகரெட் ஆகிய அனைத்தும் அந்தச் சிறிய மூக்கின் உட்படையை வீங்க வைத்து, இரவுச் சத்தத்தைக் கூட்டுகின்றன. நுளம்புக்கு வலை போதும். நாவூறு கழிக்க வேண்டாம் என்று அம்மம்மாவிடம் வாதாடி வென்றவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. செத்தல் மிளகாயை முற்றத்துக்குக் கொண்டுபோய் எரிக்கச் சொன்னால் இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

படுக்கை விடயத்தில் நேரும் பிழைகளே மிகக் கடுமையானவை. ஏணையில் போட்டால் பிள்ளை விரைவில் உறங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சேலைத் துணி பாரத்தால் பள்ளமாகும்போது முதுகு வளைந்து, நாடி நெஞ்சில் முட்டுகிறது. குழந்தையின் மூச்சுக்குழாய் மென்மையானது என்பதால், கழுத்து அப்படி மடிந்தவுடன் மூச்சு செல்லும் வழி ஒடுங்கி, சத்தம் மேலும் உரக்கக் கேட்கிறது. அதே பிள்ளையைக் கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்காகக் கிடத்தினால் பல வேளைகளில் அந்தக் குறட்டை குறைந்துவிடும். ஆகவே ஏணை, பெரியவர் ஒருவர் பக்கத்தில் விழித்திருந்து ஆட்டும் பகல் நேரத்துக்கு மட்டும் இருக்கட்டும். அப்போதும் பிள்ளையின் நாடி நெஞ்சில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உறங்கியபின் படுக்கைக்கு மாற்ற வேண்டும். தலை உருண்டையாக வர வேண்டுமென்று வைக்கும் சிறு தலையணையும் கழுத்தை மடக்குவதால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

குப்புறப் போட்டால் முக்கலும் முனகலும் குறைகிறது என்று சிலர் அனுபவத்தில் சொல்வார்கள். குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து உறங்குவதும் மூச்சுத் தடைப்பட்டால் எளிதில் விழிக்காததும்தான் அந்த அமைதிக்குக் காரணம். உறக்கத்திலேயே நிகழும் திடீர் மரணத்துக்கான வாய்ப்பை அது கூட்டுகிறது. மல்லாக்காகப் படுத்தால் கக்கிய பால் புரையேறும் என்ற பயம் வேண்டாம்.

கச்சான் என்னும் சூடான காற்று வீசும் மாதங்களில் நம் ஊரின் இரவு வெக்கையில் தொப்பி, கையுறை, காலுறை, மேலே ஒரு துவாய் என்று சுற்றிவைப்பதும் பிள்ளையை அந்தரப்பட வைக்கும். கழுத்தின் பின்புறம் தொட்டுப் பார்த்து வியர்த்திருந்தால் ஓர் உடுப்பைக் குறைக்கலாம். மின்விசிறி ஓடலாம், முகத்துக்கு நேரே வீச வேண்டாம்.

சத்தம் தாங்காமல் பிள்ளையை வேறு அறைக்கு மாற்றுவது இன்னொரு தவறு. முதல் ஆறு மாதமேனும் பிள்ளை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப்படுக்கையில் உறங்குவதே பாதுகாப்பானது. கட்டிலை ஒட்டியிருக்கும் தொட்டிலைச் சற்றுத் தள்ளி வைத்தால் சிறு முனகல்கள் தாயை அவ்வளவாக எழுப்பாது. ஒவ்வொரு மூச்சையும் காவல் காத்துத் தாய் விழித்திருக்கத் தேவையில்லை. அப்படிக் களைத்துப்போன தாய் கதிரையில் பிள்ளையை மடியில் வைத்தபடி கண்ணயர்ந்துவிடுவது, எந்த முனகலையும்விட ஆபத்தானது. பாலூட்டியபின் தூக்கிவைத்து ஏவறை எடுப்பதையும் கிடத்துவதையும் தந்தை பொறுப்பேற்கலாம். அதற்கு வேறு தகுதி எதுவும் தேவையில்லை.

இனி, எந்தச் சத்தத்தை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதைப் பார்ப்போம். பச்சிளம் குழந்தை வேகமாகச் சில மூச்சு விட்டு, 5 முதல் 10 விநாடி நிறுத்தி, மீண்டும் தொடர்வது இயல்பு. எனவே கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது பிழையான விடையைத் தரும். உறங்கும்போது முழு ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடியும் எண்ணுங்கள். மீண்டும் அப்படியே இருந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முக்குதல், விலா இடுக்கு உள்வாங்குதல், மூக்குச் சிறகு விரிதல், 20 விநாடிக்கு மேல் மூச்சு நிற்றல், உதடோ நாக்கோ நீலமாதல், பால் குடிக்க மறுத்தல், 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் கீச்சென்ற ஒலி வந்து, மல்லாக்காகக் கிடக்கும்போது கூடினால், அது குரல்வளை மென்மையாக இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானே சரியாகும் என்றாலும் வைத்தியர் ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும். வைத்தியரின் முன் பிள்ளை பெரும்பாலும் சத்தமே போடாது என்பதால், சட்டையை விலக்கி நெஞ்சும் முகமும் தெரியும்படி இரவிலேயே கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்துவைப்பது நல்லது. ஆபத்தில்லாத சந்தேகங்களை வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் கேட்கலாம். மூதூரிலோ குச்சவெளியிலோ நடு இரவில் வாகனம் தேடி நேரத்தைப் போக்காமல் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்; அது வரும்வரை பிள்ளையின் வாயில் தண்ணீரோ உரை மருந்தோ எதுவும் ஊற்ற வேண்டாம்.