50 நாள், 200 நாள் கோடு பார்ப்பவர்கள் கவனிக்க

நெல் விற்ற பணத்தில் பங்கு வாங்கும் தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்து உறவுகளுக்கு: ஒரு பங்கின் கடைசி 50 சந்தை நாள் முடிவு விலைகளை (அன்றைய சந்தை முடியும்போது நின்ற விலை) கூட்டி 50-ஆல் வகுத்தால் 50 நாள் சராசரி. 200 நாளுக்கும் அப்படியே. தினமும் இப்படிக் கணக்கிட்டு வரைந்தால் இரண்டு கோடுகள் கிடைக்கும். 50 நாள் கோடு 200 நாள் கோட்டைக் கீழிருந்து மேலே வெட்டினால் ஏறுமுகம் என்பார்கள்.

ஆனால் சராசரி எப்போதும் விலைக்குப் பின்னால்தான் வரும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாளாகிறதே, அதுபோல. விலை ஒரே மட்டத்தில் ஆடும்போது கோடுகள் மாறி மாறி வெட்டி ஏமாற்றும். அப்போது கை வைக்காதீர்கள்.

முக்கியமாக, 1:1 போனஸ் (கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசம்) வந்தால் 400 ரூபாய்ப் பங்கு ஏறக்குறைய 200-இல் நிற்கும். பழைய விலைகளையும் பாதியாக்காமல் கணக்குப் போட்டால் இல்லாத சரிவு தெரியும்.

பணம் போடுமுன் இந்த முறையைக் கடந்த 5 வருட விலையில், தரகும் வரியும் கழித்துச் சோதியுங்கள்.