பிறந்தநாளில் பிடித்த இடங்களைச் சுற்றி வருவது எப்படி: சென்னையில் நான் பின்பற்றும் முறை

கேக்கும் மெழுகுவர்த்தியும் எனக்கு ஒருநாளும் ஒட்டவில்லை. அதனால் 2016 முதல் நவம்பர் 8ஆம் தேதி வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு, சென்னையில் எனக்குப் பிடித்த ஐந்து இடங்களைத் தனியாகச் சுற்றி வருகிறேன்: மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில், மெரினா கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி ரத்னா கஃபே, எழும்பூர் அரசு அருங்காட்சியகம், கதீட்ரல் சாலையில் உள்ள செம்மொழிப் பூங்கா. ஊர் சுற்றுவதற்கு ஒரு செய்முறை விளக்கமா என்று நீங்கள் கேட்கலாம். முதல் மூன்று ஆண்டுகள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான்காம் ஆண்டு, அருங்காட்சியகத்தின் பூட்டிய வாயிலுக்கு எதிரே நின்றபோது அந்த எண்ணம் போய்விட்டது.

முதல் படி, இடங்களைத் தேர்ந்தெடுப்பது. ஐந்துக்கு மேல் வேண்டாம். ஏழு இடங்கள் வைத்திருந்த முதல் ஆண்டில் பாதி நாள் ஆட்டோவில் கழிந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் அங்கே நீங்கள் செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ‘அருங்காட்சியகம்’ என்று மட்டும் எழுதினால் அது சுற்றுலாப் பட்டியல் போலாகிவிடும். ‘வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் கால்மணி நேரம்’ என்று எழுதினால், போய்ச் சேர்ந்ததும் என்ன செய்வது என்று விழிக்க வேண்டியிருக்காது. ரத்னா கஃபேக்கு நேராக ‘சாம்பார் இட்லி, ஓரத்து மேசை’ என்று எழுதியிருக்கிறேன். 1948 முதல் நடக்கும் அந்தக் கடையில் வேறு எதையும் நான் கேட்பதில்லை.

இரண்டாம் படிதான் என்னைக் கவிழ்த்தது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிறந்தநாளின் தேதி மாறாது, கிழமை மாறும். 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். ஆகவே உங்கள் பிறந்தநாள் ஆண்டுக்கு ஒரு கிழமை முன்னேறும், இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தாவும். எனக்கு 2016இல் செவ்வாய், 2017இல் புதன், 2018இல் வியாழன் என்று வந்ததால் எல்லா இடங்களும் திறந்தே இருந்தன. என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட்டேன். 2019இல் வெள்ளிக்கிழமை வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. 2021இல் திங்கள் வந்தது. கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள் விடுமுறை. போதாக்குறைக்கு முந்தின நாள் பெய்த பெருமழையில் நகரத்தின் பாதித் தெருக்கள் தண்ணீரில் கிடந்தன.

இதற்கு நான் கண்ட வழி ஒரு கட்டம்தான். நோட்டுப்புத்தகத்தின் ஒரு பக்கத்தில் இடங்களை மேலிருந்து கீழாகவும், ஞாயிறு முதல் சனி வரை கிழமைகளை இடமிருந்து வலமாகவும் எழுதி, மூடியிருக்கும் கட்டங்களில் பெருக்கல் குறி போடுங்கள். பக்கத்தில் இன்னொரு பத்தியில் நண்பகல் இடைவேளையையும் குறியுங்கள், ஏனென்றால் கிழமை சரியாக இருந்தும் நேரம் தவறினால் அதே கதிதான்: கோயில் நடை நண்பகலில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும், கலங்கரை விளக்கத்திலும் மதிய இடைவேளை உண்டு. அடுத்து, வரும் பத்து ஆண்டுகளுக்கு உங்கள் பிறந்தநாளின் கிழமையை எண்ணி அதே பக்கத்தின் அடியில் எழுதிவிடுங்கள். 2024க்குப் பிறகு எனக்கு அடுத்த வெள்ளி 2030இல்தான் என்று தெரிந்தபோது ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது. பெருக்கல் குறி விழும் ஆண்டில் அந்த இடத்துக்கு முந்தின நாளே போய்விடுகிறேன். 2024இல் மறுபடி வெள்ளி வந்தபோது வியாழன் பிற்பகலிலேயே நடராசரைப் பார்த்துவிட்டேன்.

(பின்சேர்க்கை: பிப்ரவரியில் பிறந்த ஒரு வாசகர் தன் கணக்கு ஒரு நாள் பிசகுகிறது என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களுக்கு லீப் ஆண்டிலேயே இரண்டு கிழமை தாவும். ஜனவரியிலும் பிப்ரவரி 28 வரையிலும் பிறந்தவர்களுக்கு லீப் ஆண்டுக்கு அடுத்த ஆண்டில்தான் தாவும்.)

இந்த வேலைக்குக் கைபேசி வரைபடத்தை நம்பாதீர்கள். வழி காட்டுவதற்கு அது போதும், ஆனால் ‘திறந்துள்ளது’ என்று அது காட்டியதை நம்பித்தான் 2019இல் பூட்டைப் பார்த்தேன். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி எனக்கு அதைவிட அதிகம் உதவியிருக்கிறது. 2022 நவம்பர் 8 அன்று முழுச் சந்திர கிரகணம். சென்னையில் சந்திரன் உதிக்கும்போதே கிரகணம் பிடித்திருந்தது. அந்த ஆண்டு கோயிலை மாலைக்கு வைத்திருந்தேன். தாளைக் கிழித்துப் பார்த்த அம்மா, “கிரகணத்தன்னைக்கு சாயங்காலம் எந்தக் கோயில்ல நடை திறந்திருக்கும்?” என்று கேட்டதால் தப்பித்து, காலையிலேயே போய்வந்தேன். அதற்குப் பிறகு கோயிலை நட்சத்திரப் பிறந்தநாளுக்கு மாற்றிவிடலாமா என்றும் யோசித்தேன். ஐப்பசியில் என் நட்சத்திரம் வரும் நாளில் அம்மா எப்படியும் அர்ச்சனை செய்யச் சொல்வார். அன்று கோயிலும் ஆங்கிலத் தேதியன்று மற்ற இடங்களும் என்று பிரித்துக்கொண்டால் நெருக்கடி குறையும். விடுப்பு அதிகம் இல்லாதவர்களுக்கு இந்த ஏற்பாட்டையே பரிந்துரைக்கிறேன்.

மூன்றாம் படி, வரிசை. என் வரிசை இது: காலை ஆறரைக்குக் கோயில், மாட வீதியில் காபி, கச்சேரி சாலை வழியாகச் சாந்தோமுக்கு நடை, அங்கிருந்து கலங்கரை விளக்கம். ‘கலங்கரை விளக்கம்’ என்ற பெயரில் ஒரு பறக்கும் ரயில் (தூண்கள் மேல் ஓடும் நகர ரயில்) நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கினால் விளக்கம் எதிரிலேயே நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள், கடற்கரைப் பக்கமாக நன்றாக நடக்க வேண்டும். 1977 முதல் இயங்கும் இந்த விளக்கத்தில் பொதுமக்களை நெடுங்காலம் ஏற்றாமல் இருந்து, 2013 நவம்பரில்தான் மறுபடி அனுமதித்தார்கள். மின்தூக்கி இருப்பதால் படியேறத் தயங்குபவர்களும் போகலாம். மேலிருந்து பார்த்தால் காலையில் நடந்து வந்த வழி முழுவதும் தெரியும். பிறகு திருவல்லிக்கேணியில் சாப்பாடு, பிற்பகல் எழும்பூர், மாலை பூங்கா.

திருவல்லிக்கேணியிலிருந்து எழும்பூருக்குப் பறக்கும் ரயிலில் பூங்கா நகர் வரை போய், சாலையைக் கடந்து பூங்கா நிலையத்தில் புறநகர் ரயில் பிடிப்பது என் வழக்கம். எழும்பூருக்கு நான்காவது தடம் போடும் வேலைக்காக 2023 ஆகஸ்டிலிருந்து பதினான்கு மாதங்கள் பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டது. ஆகவே ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மாற்று வழியையும் எழுதி வையுங்கள். சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஆண்டின் அன்றிரவு எட்டு மணிக்குத்தான் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள், அப்போது என் பையில் இருந்தவை எல்லாம் 500 ரூபாய்த் தாள்களே.

உடைமைகளைப் பற்றி இரண்டே வார்த்தை. நவம்பர் மழைக்கு மழைக்கோட்டைவிடக் குடையே மேல், உள்ளே நுழையும் இடங்களில் மடக்கிக் கொள்ளலாம். வார் கட்டும் செருப்பு வேண்டாம்.

நான்காம் படி, இடம் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்வது. என் பட்டியலில் செம்மொழிப் பூங்கா இருப்பதற்குக் காரணம், அதே நிலத்தில் 1962 முதல் 2008 வரை இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம். அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு அங்கே போன ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நினைவிருக்கின்றன. 2010இல் பூங்கா திறந்ததும் வீம்பாகப் போகாமல் இருந்தேன். இப்போது ஃபிளாஸ்கில் காபி கொண்டுபோய், பழைய மரம் ஒன்றின் கீழ் உட்கார்ந்து குடித்துவிட்டு வருகிறேன். மறைந்த இடத்துக்குப் பதிலாக வேறு பகுதியில் புது இடம் தேடுவதைவிட, அதே மண்ணில் இப்போது எது இருக்கிறதோ அங்கே போவதையே நான் விரும்புகிறேன்.

ஐந்தாம் படியாக, ஒவ்வோர் இடத்திலும் அதே கோணத்தில் ஒரே ஒரு படம் எடுங்கள். மதுரையிலிருந்து ஒருவர் இதைச் செய்ய முடியவில்லை என்று கேட்டிருந்தார், ஏனெனில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதியில்லை. வெளியே சித்திரை வீதியில் நின்று தெற்குக் கோபுரத்தை எடுத்துக்கொள்ளும்படி சொன்னேன். படம் எடுக்க முடியாத இடத்தில் இரண்டு வரி எழுதினாலும் போதும்.

வீடு திரும்பியதும் தூங்குவதற்கு முன் அடுத்த ஆண்டுக்கான பக்கத்தைத் தொடங்கிவிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் எழுதவே மாட்டீர்கள். என்னுடையதில் இப்போதைக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 2026, ஞாயிறு, பெருக்கல் குறி இல்லை, அருங்காட்சியகத்தில் கூட்டம் இருக்கும், காலையிலேயே போக வேண்டும்.