சுறாக் கடி கணக்கை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தாண்டு பிறந்து ஒரு மாதம் போனதும், முந்தைய ஆண்டில் உலகெங்கும் எத்தனை பேரைச் சுறா கடித்தது என்ற கணக்கு வெளியாகும். தொகுப்பது ஃப்ளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சர்வதேச சுறாத் தாக்குதல் பதிவேடு. அதை எடுத்து எழுதுகிறவர்கள் ஆண்டு தவறாமல் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஊர்ப் பெயர் பிழை, எழுத்துப் பிழையெல்லாம் கண்ணில் பட்டதும் திருத்திவிடலாம், அவற்றை விட்டுவிடுவோம்.

எந்த எண்ணை எதால் வகுக்கிறோம் என்று பார்க்காதது

2023ஐ எடுத்துக்கொள்வோம். பதிவேடு ஆராய்ந்தவை 120 சம்பவங்கள். அவற்றில் மனிதர் சீண்டாமலே சுறா கடித்தவை 69, சீண்டியதால் கடித்தவை 22. மீதியில் படகைக் கடித்தது, ஏற்கெனவே இறந்த உடலைக் கடித்தது, சுறாதானா என்றே உறுதியாகாதது எல்லாம் அடக்கம்.

‘சீண்டியது’ என்றதும் வாலைப் பிடித்து இழுத்த ஆள்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார். சுறா வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றும்போது கை கடிபட்டாலும் இந்தக் கணக்குதான். வலையிலிருந்து விடுவிப்பவர், இரை போடுபவர், நீருக்கடியில் ஈட்டியால் மீன் குத்துபவர் ஆகியோரும் இதில்தான் சேர்வார்கள்.

அந்த ஆண்டு மொத்த உயிரிழப்பு 14; சீண்டாத தாக்குதலில் மட்டும் 10. இங்கேதான் கோளாறு. ‘69 தாக்குதல், 14 சாவு, ஐந்தில் ஒருவர் பிழைக்கவில்லை’ என்று ஒருவர் எழுத, பத்துப் பேர் அதை அப்படியே நகலெடுக்கிறார்கள். மேலே இருக்கும் 14 ஒரு கூடை, கீழே இருக்கும் 69 வேறு கூடை. சரியான கணக்கு 10/69, அதாவது ஏறக்குறைய ஏழில் ஒருவர்.

இதே பிழை ஆண்டுகளை ஒப்பிடும்போது இன்னும் பெரிதாகிறது. 2022இல் சீண்டாத தாக்குதலில் இறந்தவர்கள் 5 பேர். அதன் பக்கத்தில் 14ஐ வைத்தால் ‘மூன்று மடங்கு’ என்று தலைப்பு தயார். ஒரே வகையில் பார்த்தால் 5, 10. அடுத்த ஆண்டான 2024இல் 4. இவ்வளவு சின்ன எண்கள் ஏறி இறங்கத்தான் செய்யும். அதைப் போக்கு என்று எழுதக் கூடாது.

எழுத உட்காரும் முன் ஒரு தாளில் இரண்டு வரிசை போடுங்கள்: ஒன்றில் சீண்டாதவை, அவற்றின் சாவு, மற்றதில் எல்லா வகையும், அவற்றின் சாவு. வரிசை தாண்டி வகுக்காதீர்கள்.

கடி மிகுந்த இடமே ஆபத்தான இடம் என்பது

2023இல் அமெரிக்காவில் சீண்டாத கடி 36, சாவு 2. ஆஸ்திரேலியாவில் கடி 15, சாவு 4. அமெரிக்கக் கணக்கில் 16 ஃப்ளோரிடாவுடையவை, அதில் பாதி வொலூஷியா மாவட்டத்தில். அங்கே கலங்கிய நீரில் சிறு மீன்களைத் துரத்தும் கருநுனிச் சுறா போன்றவை காலைக் கவ்வி, உடனே விட்டுவிட்டுப் போய்விடும். தெற்கு ஆஸ்திரேலியக் கரையில் திரிவது பெரிய வெள்ளைச் சுறா. ஒரே கடியில் ரத்தம் வடிந்தே ஆள் போய்விடலாம்.

சுறா கடிப்பது ‘கடலில் மட்டும்’ என்பது

ஆஸ்திரேலியாவின் அந்த நான்கு சாவுகளில் ஒன்று பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றில் நடந்தது. காளைச் சுறா நன்னீருக்குள்ளும் ஏறும்.

சுறாவின் இனத்தை ஊகித்து எழுதுவது

பல் துண்டோ, காயத்தின் வடிவை ஆராய்ந்த முடிவோ இல்லையென்றால் ‘சுறா’ என்றே விடுங்கள்.

பதிவேடுகளைக் கலப்பது

ஒரு பதிவேட்டின் எண்ணை வேறொரு பதிவேட்டின் எண்ணோடு சேர்த்து வகுக்கவோ ஒப்பிடவோ கூடாது.